கொய்யாப்பழமும் கடைசி பஸ்ஸும்

நம் சினிமாவில் வயதானவர்கள் எப்போதும் இருமுகிறார்கள். கதாநாயகனின் அப்பா என்றால் தோளில் துண்டு, நெஞ்சைப் பிடித்த ஒரு கை, இடைவேளைக்கு முன் மரணம். அம்மா என்றால் தையல் மெஷின், பிறகு பார்வைக் கோளாறு. பாட்டி என்றால் கிண்டல். தலையில் வெள்ளைப் பவுடர், குரலில் ஒரு நடுக்கம், அவ்வளவுதான் முதுமை.

அதற்காக முதுமையை நடித்துக் காட்டும் கலை நம்மிடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'வியட்நாம் வீடு' (1970) பிரெஸ்டீஜ் பத்மநாபன் ரிடையர் ஆகும்போது சிவாஜி கணேசனுக்கு வயது 41. 'சாரான்ஷ்' (1984) படத்தில் மகனைப் பறிகொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியராக வந்து நாட்டையே அழவைத்த அனுபம் கேர் அப்போது முப்பதைத் தொடாத இளைஞர். கமல்ஹாசன் கனத்த மேக்கப்புக்குள் புகுந்து கிழவராக வந்த 'இந்தியன்' (1996) அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை வாங்கிக் கொடுத்தது. மூன்றுமே அசாத்திய உழைப்பு. பிரமிக்கிறோம். ஆனால் பிரமிக்கும்போது நமக்குள் ஒரு மூலையில் 'எப்படிச் செய்கிறான் பார்' என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்தக் குரல் கேட்காத நாலைந்து நடிப்புகளைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன். எல்லாம் நிஜமாகவே வயதானவர்கள் நடித்தவை. பெரும்பாலும் யாரும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்காத படங்கள்.

முதலாவது படம் மட்டும் விதிவிலக்கு. 'பதேர் பாஞ்சாலி' (1955) தெரியாதவர் இல்லை. ஆனால் சுனிபாலா தேவி என்ற பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பவர்களே அதிகம். படத்தில் இந்திர் தாக்ருண் என்ற கூன் விழுந்த கிழவியாக வருபவர். சத்யஜித் ராய் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது சுமார் எண்பது வயது. ஒரு காலத்தில் மேடையில் நடித்தவர், ஓரிரு படங்களிலும் தலைகாட்டியவர். பிறகு எல்லோரும் மறந்துபோய், கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதி வீடொன்றில் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். சம்பளம் நாளைக்கு இருபது ரூபாய்.

1952-ல் ஆரம்பித்த படப்பிடிப்பு, பணம் இல்லாமல் மாதக்கணக்கில் நின்று நின்று நடந்தது. படம் முடியும்வரை அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, கிழவி சாகவில்லை. இந்த மூன்றும்தான் தன்னைக் காப்பாற்றிய அற்புதங்கள் என்று ராய் பின்னாளில் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனாலும் எண்பது வயதுக்காரி ஒருத்தியின் உயிரை நம்பி ஒருவர் மூன்று வருடம் படம் எடுத்திருக்கிறார் என்பது லேசான விஷயம் இல்லை.

இந்திர் தாக்ருண் படத்தில் என்ன செய்கிறாள்? இருமுவதில்லை. தத்துவம் பேசுவதில்லை. ஆசைப்படுகிறாள். துர்கா பக்கத்துத் தோட்டத்திலிருந்து திருடிக்கொண்டு வந்து கொடுக்கும் கொய்யாப்பழத்தைப் பார்த்ததும் அந்தப் பொக்கை வாய் விரிகிறதே, அது பசி மட்டும் இல்லை, கூட்டாளித்தனம். சோற்றைப் பிசைந்து, விரலிடுக்கில் வழிவதை வழித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுகிறாள். குளிருக்கு ஒரு போர்வை கேட்கிறாள். தம்பி பெண்டாட்டி சர்பஜயா திட்டினால் பாயைச் சுருட்டிக்கொண்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோஷமாகக் கிளம்புகிறாள். குழந்தை பிறந்த சேதி கேட்டதும் ரோஷத்தை மறந்து திரும்பி வருகிறாள். சாயங்காலத்தில் தனியாக உட்கார்ந்து, பொழுது போய்விட்டது, என்னை அக்கரைக்குக் கொண்டுபோ என்று ஹரியிடம் கெஞ்சும் பாட்டைப் பாடுகிறாளே, அது சுனிபாலாவின் சொந்தக் குரல்.

கடைசியாக ஒருமுறை அவள் அந்த வீட்டுக்கு வருகிறாள். உடம்புக்கு முடியவில்லை, இங்கேயே இருந்துவிடுகிறேனே என்கிறாள். சர்பஜயா மனமிரங்கவில்லை. தண்ணீர் கேட்கிறாள், நீயே எடுத்துக்கொள் என்கிறாள் அவள். கிழவி எடுத்துக் குடிக்கிறாள். மிச்சத் தண்ணீரை முற்றத்தில் இருக்கும் சின்னச் செடிக்கு ஊற்றுகிறாள். பிறகு போய்விடுகிறாள். வசனமாக எழுதியிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருக்கலாம்.

மூங்கில் தோப்பில் அவள் உட்கார்ந்தபடியே இறந்து கிடக்கும் காட்சியில், துர்கா தொட்டு உலுக்கியதும் உடம்பு சாய்ந்து தலை தரையில் மோதும். எண்பது வயது உடம்பை அப்படி விழச் சொல்ல ராய்க்கே தயக்கம் இருந்திருக்கிறது. சுனிபாலாவுக்கு இல்லை. பாடையில் வைத்துத் தூக்கிப் போகும் காட்சியை எடுத்தபோது, ஷாட் முடிந்து இறக்கிவைத்த பிறகும் அவர் அசையவில்லையாம். எல்லோருக்கும் பகீரென்றது. சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதென்று யாரும் சொல்லவில்லையே, நான் இன்னும் செத்துக் கிடக்கிறேனே என்று குறைப்பட்டுக்கொண்டாராம். படம் வெளியாவதற்கு முன்பே நிஜமாகவே போய்விட்டார். துர்காவாக வந்த உமா தாஸ்குப்தாவும் 2024 நவம்பரில் காலமானார். ஆசிரியையாக வாழ்ந்தவர், சினிமாவைத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை.

இங்கே சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

துர்கா அந்தக் கிழவியை 'பிஷி' என்று கூப்பிடுவாள். நம் ஊரில் அத்தை. டில்லியில் ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது எங்களோடும் ஒரு அத்தைப் பாட்டி இருந்தாள். என் அப்பாவின் அத்தை. சின்ன வயதில் புருஷனை இழந்து, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் ஒவ்வொரு சகோதரர் வீடாக இருந்து, அவர்களெல்லாம் ஒவ்வொருவராகப் போனபின் டில்லிக்கு வந்து சேர்ந்தவள். இரண்டு அறை வீட்டில் அவளுக்கு வராந்தா. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அவள் வெல்லத்தை எடுத்துத் தின்றுவிடுகிறாள் என்று என் அம்மா டப்பாவை உயரத்தில் வைத்தாள், அவ்வளவுதான்.

அந்த நாளில் தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். டில்லி, பம்பாய், கல்கத்தா தமிழர்கள் பலர் வங்காளத்தையும் மலையாளத்தையும் கன்னடத்தையும் தெரிந்துகொண்டது அதில்தான். என்றைக்காவது தமிழ்ப்படம் வந்தால் தெருவே அடங்கிவிடும். மற்ற ஞாயிறுகளில் சாப்பிட்ட மயக்கத்தில் பாதி பேர் தூங்கிவிடுவார்கள். ராய் காலமான 1992-ல் 'பதேர் பாஞ்சாலி'யை நாங்கள் டி.வி.யில் பார்த்தோம். வசனம் வங்காளத்தில், எழுத்து இங்கிலீஷில். அத்தைப் பாட்டிக்கு இரண்டும் தெரியாது. சுவரில் சாய்ந்துகொண்டு முழுப் படத்தையும் பார்த்தாள். கிழவி செத்ததும், "போர்வைதானேடா கேட்டா அவ?" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாளா, டி.வி.யைப் பார்த்துச் சொன்னாளா தெரியாது.

அவள் எங்களோடு அப்போது மூன்று டில்லிக் குளிர்காலம் கழித்திருந்தாள். அப்பாவின் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு. அந்த டிசம்பரில் கரோல்பாக் போய்ப் புதுச் சால்வை ஒன்று வாங்கி வந்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்து, மடித்து, டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். கடைசிவரை ஸ்வெட்டர்தான்.

ராயின் கிழவிக்கு ஆக்ராவில் ஒரு சகோதரி இருந்தாள். எம்.எஸ். சத்யுவின் 'கர்ம் ஹவா' (1974) பார்த்தவர்களுக்கு பல்ராஜ் சாஹ்னி நினைவிருப்பார். பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவிலேயே தங்கிவிடத் தீர்மானிக்கும் செருப்பு வியாபாரி சலீம் மிர்ஸா. சாஹ்னி படம் வெளிவருவதற்கு முன், 1973 ஏப்ரலில் மறைந்துவிட்டார். அவரைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், தகும். நான் சொல்ல வருவது அவருடைய தாயாராக வந்த பாதர் பேகத்தைப் பற்றி.

அந்த வேடத்துக்கு முதலில் கேட்கப்பட்டவர் கஜல் அரசி பேகம் அக்தர். அவர் மறுத்துவிட்டார். படப்பிடிப்பு நடந்த ஹவேலியின் சொந்தக்காரர் சத்யுவை ஊரின் விலைமாதர் வீடொன்றுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டை நடத்தியவர்தான் பாதர் பேகம். எழுபதைத் தாண்டிய வயது, கண்ணில் புரை விழுந்து பார்வை அநேகமாகப் போய்விட்டது. பதினாறு வயதில் சினிமாவில் நடிக்க வேண்டும் என்று பம்பாய்க்கு ஓடிப் போனவர். வாடியா மூவிடோன் படமொன்றில் கூட்டத்தில் நிற்கும் வேலைதான் கிடைத்தது. அந்தக் காசில் ஊர் திரும்பி, கடைசியில் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தார். வெகு காலம் கழித்து சினிமா அவர் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டியது.

சட்டச் சிக்கலில் ஹவேலி கைவிட்டுப் போகிறது. குடும்பம் வாடகை வீட்டுக்குக் கிளம்புகிறது. கிழவியைக் காணோம். விறகு போட்டுவைக்கும் இருட்டறையில் போய் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறாள். குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிறகு சாகும் தறுவாயில், உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருக்க, அவளைப் பல்லக்கில் வைத்து அந்தப் பழைய வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். மணப்பெண்ணாக அந்த வாசலுக்கு வந்த நாள் அவள் காதில் மறுபடி கேட்கிறது. பார்வை மங்கிய கண்கள் எதையோ தேடுகின்றன. நமக்குத் தெரிவது அந்த முகம் மட்டும்தான், ஏனென்றால் குரல் அவருடையது இல்லை. தீனா பாடக் பின்னணி பேசினார். பதினாறு வயதில் ஆசைப்பட்ட சினிமா எழுபதில் வந்தும் முழுசாகக் கொடுக்கவில்லை பாருங்கள், குரலை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் விறகறையில் இருட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அந்த உடம்பின் பிடிவாதத்தை யாரும் டப்பிங் செய்ய முடியாது.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் சொக்கலிங்க பாகவதர் இருந்தார்.

பெயரே சொல்லிவிடும், பாட்டும் நாடகமுமாக வளர்ந்த காலத்து ஆள். தமிழ் சினிமா அவரை என்ன செய்வதென்று தெரியாமல் பல காலம் விட்டுவைத்திருந்தது. பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்தில் முருகேசன் தாத்தாவாகக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். ஆபீஸ் போகும் பேத்தி சுதா, படிக்கும் இன்னொரு பேத்தி, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர். தாத்தாவின் நிலத்தில் கடன் வாங்கிக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். பாட்டு இல்லை, இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசைத்தட்டிலிருந்து எடுத்த துண்டுகள்தான் பின்னணி. காண்ட்ராக்டர், சிமெண்ட், கம்பி, லஞ்சம் என்று நடுத்தர வர்க்கம் தன் கதையையே பார்த்தது, அல்லது பார்க்க வேண்டாம் என்று வீட்டிலிருந்தது.

ஒரு நாள் தாத்தா தனியாகக் கிளம்பிப் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகிறார். செங்கல் தெரியும் சுவர்கள், கதவில்லாத வாசல்கள். ஒவ்வொரு அறையாக நடக்கிறார். சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். யாரும் இல்லை, பேச்சு இல்லை. முகத்தில் வருவது கிழவரின் நிம்மதி இல்லை. திருவிழாவில் முதல்முதலாக ராட்டினம் பார்த்த சிறுவனின் திகைப்பு. திரும்பும் வழியில் உயிர் போய்விடுகிறது. வேறு யாராவது இயக்கியிருந்தால் அந்த மரணத்துக்கு மழை, இடி, தாரை தப்பட்டை எல்லாம் வந்திருக்கும். இங்கே அந்தத் திகைப்புதான் நினைவில் நிற்கிறது.

அந்த முகத்தை ஒரு படத்தோடு விட பாலு மகேந்திராவுக்கு மனம் வரவில்லை போலும். அடுத்து 'சந்தியா ராகம்' (1989). இந்த முறை பாகவதர்தான் கதாநாயகர். மனைவி இறந்தபின் கிராமத்திலிருந்து சென்னைக்கு, நெருங்கிய உறவுக்காரன் வீட்டுக்கு வருகிறார். அவன் சம்பளம் அவன் குடும்பத்துக்கே போதாது, மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. இடமும் காசும்தான் இல்லை. கடைசியில் முதியோர் இல்லம். அந்த ஆண்டின் குடும்ப நலப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. குடும்ப நலம்! அரசாங்கத்தின் பெட்டிகளில் எதையாவது ஒன்றில் போட்டுத்தானே ஆக வேண்டும்.

இதில் ஒரு காட்சி. குழந்தைகள் தெருவில் பாண்டி விளையாடக் கட்டம் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியவர் அதைப் பார்க்கிறார். சுற்றுமுற்றும் பார்க்கிறார், யாரும் இல்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நொண்டி அடிக்க ஆரம்பிக்கிறார். பவுடர் பூசிய முப்பது வயது நடிகர் இதைச் செய்திருந்தால் காமெடி. பாகவதரின் கால் அடுத்த கட்டத்தில் சரியாக விழுமா என்று நமக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

இந்த இரண்டு படங்களிலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அர்ச்சனா. 'வீடு' அவருக்குச் சிறந்த நடிகை தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. மறு வருடமே தெலுங்கு 'தாசி'க்கு இன்னொன்று. கரிய நிறம், அலங்காரமில்லாத பருத்திப் புடவை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முகம். விருது சரிதான். ஆனால் அவருடைய அபூர்வமான திறமை எது என்று என்னைக் கேட்டால், விட்டுக்கொடுப்பது என்பேன். கிழவர் பேசும்போது அவர் நடிப்பதில்லை, கேட்கிறார். கேட்பது போன்ற முகபாவம் வேறு, கேட்பது வேறு. நம் நட்சத்திரங்களில் பெரும்பாலோருக்கு முதலாவதுதான் தெரியும்.

இன்னொரு கிழவருக்குப் பக்கத்திலும் அவர் இருந்தார். ஷாஜி என். கருண் இயக்கிய மலையாளப் படம் 'பிறவி' (1988). நெருக்கடி நிலையின்போது, 1976-ல், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிறகு அவர் திரும்பவே இல்லை. தகப்பனார் ஈச்சர வாரியர் நீதிமன்றம் ஏறினார். அந்த வழக்கு 1977-ல் முதல்வர் கருணாகரனின் நாற்காலியையே பறித்தது. படம் வழக்கைச் சொல்லவில்லை. தந்தையின் காத்திருப்பை மட்டும் சொல்கிறது.

ராகவ சாக்கியாராக நடித்தவர் பிரேம்ஜி. எண்பது வயது. நம்பூதிரி சமூகத்தில் விதவை மறுமணத்துக்காகப் போராடிய தலைமுறை, அவரே ஒரு விதவையை மணந்தவர், நாடகக்காரர், கவிஞர். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வரவேண்டிய மகனுக்காக அந்தப் பெரியவர் தினமும் ஓடத்தில் ஆற்றைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிறார். கடைசி பஸ் வரும். யாராவது இறங்குவார்கள். அவன் இல்லை. குடையும் கையுமாகத் திரும்பி, மறுபடி ஓடம். மறுநாளும் அதேதான். ஒவ்வொரு முறை பஸ்ஸின் வெளிச்சம் தெரியும்போதும் அந்த முதுகு நிமிர்வதைக் கவனியுங்கள். நேற்று ஏமாந்தது உடம்புக்கு ஞாபகம் இல்லை.

மகள் மாலதியாக அர்ச்சனா. அண்ணனைத் தேடி நகரத்துக்குப் போய் உண்மையைத் தெரிந்துகொண்டு வருகிறாள். அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. அவர் மகன் வந்துவிட்டதாகவே பேச ஆரம்பிக்கும்போது, பக்கத்தில் நின்று அதையும் கேட்டுக்கொள்கிறாள்.

பிரேம்ஜிக்கு அந்த வருடச் சிறந்த நடிகர் தேசிய விருது. அதே வருடம்தான் அர்ச்சனாவின் 'தாசி' விருதும். ஒரு எண்பது வயதுக்காரரை நாட்டின் சிறந்த நடிகர் என்று ஒரு கமிட்டி ஒப்புக்கொண்ட அந்த வருடத்தை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பாகவதருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரேம்ஜி 1998-ல் மறைந்தார், ஷாஜி 2025 ஏப்ரலில்.

இந்தப் படங்களை இன்றைக்கு எங்கே பார்ப்பது? 'பதேர் பாஞ்சாலி'யின் நெகடிவ் 1993-ல் லண்டனில் ஒரு தீ விபத்தில் கருகியது. கருகியதையே அமெரிக்காவிலும் இத்தாலியிலும் அங்குலம் அங்குலமாகச் செப்பனிட்டு 2015-ல் புதுசாகக் கொண்டுவந்தார்கள். சுனிபாலாவின் முகச் சுருக்கங்கள் இப்போது எண்ணிவிடலாம் போல் தெரிகின்றன. 'கர்ம் ஹவா'வும் புதுப்பிக்கப்பட்டு 2014-ல் தியேட்டருக்கே திரும்பியது. 'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டின் நெகடிவ்களும் இல்லாமல் போய்விட்டன என்று பாலு மகேந்திரா, 2014-ல் தான் மறையும்வரை புலம்பிக்கொண்டிருந்தார். தமிழ் சினிமாவுக்கென்று ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்டார். முதலமைச்சர்களைத் தந்த ஒரு சினிமாவுக்கு அது கட்டுப்படியாகவில்லை.

போன மாதம் இன்டர்நெட்டில் 'சந்தியா ராக'த்தைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன். எந்த டி.வி.யில் வந்ததை யார் பதிவு செய்ததோ, தேய்ந்த பிரதி. கலங்கல் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் முகங்கள். பாண்டிக் கட்டத்தின் கோடுகள் அநேகமாகத் தெரியவே இல்லை. ஒரு கிழவர் தெருவில் யாருமில்லாத நேரத்தில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருந்தார்.